வாசகர் கேள்வி – பதில்: கோலசிலாங்கூர் மண்ணும் தண்ணீரும்

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங் வட்டார வாசகர்கள் மாவட்டத்தின் நிலம், வரலாறு, பிழைப்பு பற்றி அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. தோட்ட வேலையிலும் நில விவகாரத்திலும் நெடுநாள் பழகியவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கடற்கரைக்குப் போகும்போது முதலில் மேட்டு நிலம், பிறகு கண்ணுக்கெட்டிய வரை செம்பனை, அதற்குப் பிறகு தென்னை. வடக்கே திரும்பினால் ஒரே நெல். ஒரு மாவட்டத்துக்குள் பயிர் ஏன் இப்படி மாறுகிறது?
– படிவம் நான்கு மாணவி, பெஸ்தாரி ஜெயா

பதில்: கடல் மட்டத்திலிருந்து நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் எங்கே வடிகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும், தங்கச்சி. கரையோரம் அலையாத்திக் காடு. அதற்குப் பின்னால் கடல் கொண்டுவந்து படியவிட்ட சாம்பல் நிறக் களிமண். இன்னும் உள்ளே போனால், தண்ணீர் வடிய வழியில்லாமல் மரமும் இலையும் மக்காமல் சேர்ந்த ‘காம்புட்’ சதுப்பு. அதையும் தாண்டிய பிறகுதான் செம்மண் மேடு வருகிறது. ரப்பர் மரத்தின் வேர் தண்ணீரில் ஊறக்கூடாது, அதனால் அது மேட்டுக்குப் போனது. செம்பனை ஈரத்தைத் தாங்கும். கரையோரக் களிமண்ணில் வடிகால் மட்டும் ஒழுங்காக இருந்தால், மேட்டைவிட நன்றாகவே காய்க்கும். தென்னைக்குக் கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஏறினாலும் பரவாயில்லை.

நெல் மட்டும் தானாக வந்ததல்ல. 1930களில் காட்டை வெட்டித் தொடங்கிய திட்டம் அது. தஞ்சோங் காராங்கில் ஆரம்பித்து, பக்கத்து மாவட்டமான சபா பெர்ணமில் செகிஞ்சானைத் தாண்டியும் கடற்கரையை ஒட்டி நீண்ட பட்டையாகப் போகிறது. அதற்குப் பாயும் தண்ணீர் சிலாங்கூர் ஆற்றுடையது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெர்ணம் ஆற்றுத் தண்ணீர். அங்கே மதகு கட்டி, சதுப்புக் காட்டின் நடுவே வெட்டிய வாய்க்கால் வழியாகத் தெங்கி ஆற்றுக்குத் திருப்பி, அங்கிருந்து பெரிய வாய்க்காலுக்கு விடுகிறார்கள். மழைக்காலத்தில் நீரைப் பிடித்து வைத்து, காய்ந்த மாதங்களில் மெல்ல விடுவது அந்தச் சதுப்புக் காடுதான். காட்டோரத்தை வடித்துக் காயவிட்டால் தீப்பிடிக்கும், புகை வரும். அதைவிடப் பெரிய நட்டம், அடுத்த போகத்தில் வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்குத் தண்ணீர் எட்டாமல் போவது.

கேள்வி: மலேசியாவின் முதல் செம்பனைத் தோட்டம் நம் ஊர்ப் பக்கம்தான் என்கிறார்கள். உண்மையா? அதற்கு முன் இங்கே என்ன இருந்தது?
– வாசகர், புக்கிட் ரோத்தான்

பதில்: உண்மைதான். வணிகத்துக்காகச் செம்பனை முதலில் நடப்பட்டது 1917இல், நம் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. சில ஆண்டுகளுக்கு முன்பே சுமத்ராவிலிருந்து விதை கொண்டுவந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் அழகுக்காக நட்டுப் பார்த்திருந்தார். காப்பி சரிப்படாத நிலத்தில்தான் தென்னமரத்தில் செம்பனை ஏறியது. அந்த விதையின் வம்சத்தைத் தேடிப் போனால் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட நான்கு மரங்களில் போய் முடியும்.

செம்பனைக்கு முன் இங்கே இருந்தது காப்பி. அதை விழுத்தியது பிரேசில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே விளைச்சல் பெருகி உலக விலை சரிந்தது, இங்கே பூச்சியும் நோயும் சேர்ந்துகொண்டன. பிறகு வந்தது ரப்பர் காலம். 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டிய வேகத்தில்தான் இந்த வட்டாரத்தில் பல தோட்டங்கள் காடு அழித்து எழுந்தன. செம்பனை அதன் நிழலில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சிறுபிள்ளையாகவே இருந்தது. 1960களில் செயற்கை ரப்பர் விலையை அழுத்திய பிறகுதான் பெருவாரியாகப் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள்.

இடையில் நடந்த ஒன்றைப் பலர் மறந்துவிட்டார்கள். 1981க்கு முன்பு பல தோட்டங்களில் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் போடுவார்கள். ஆண் பூவிலிருந்து தூளைச் சேகரித்து, முகப்பவுடருடன் கலந்து, விரிந்த பெண் பூக்களைத் தேடித் தேடி ஊதுவது ஒரு தனி வேலை. பெண்கள்தான் அதிகம் செய்தார்கள். அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறிய வண்டைத் திறந்துவிட்டார்கள். அது ஆண் பூவில் முட்டையிடும், வாசனையில் ஏமாந்து பெண் பூவுக்கும் போகும். கை ஊதல் வேலை அத்தோடு நின்றது, குலையும் நன்றாகக் கட்டியது.

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. குலை வாங்கும் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் ‘கிரேடு’ என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். நாங்கள் ஏமாற்றப்படுகிறோமா?
– சிறுதோட்டக்காரர், ஈஜோக்

பதில்: ஏமாற்றவும் படலாம், உங்கள் குலையிலேயே குறையும் இருக்கலாம். கணக்குத் தெரிந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம், ஐயா.

குலை விலையை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ‘ஒரு விழுக்காடு எண்ணெய்க்கு இவ்வளவு’ என்றுதான் வட்டாரவாரியாக அறிவிக்கிறது. அதை எண்ணெய் விகிதத்தால் பெருக்கினால் ஒரு டன் விலை. கணக்குக்காக ஒரு விழுக்காட்டுக்கு 45 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குலைக்கு 19 விழுக்காடு போட்டால் டன் 855 வெள்ளி. 18 போட்டால் 810. ஒரே ஒரு புள்ளியில் 45 வெள்ளி போய்விடுகிறது. அதனால் ரசீதில் எடை, விகிதம், கழிவு மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மொத்தமாக ஒரு தொகை மட்டும் எழுதித் தருபவரிடம் தொடர்ந்து விற்காதீர்கள். வண்டிக்கூலியை விலையிலேயே கழித்துவிட்டு, அதையும் ‘கிரேடு’ என்று சொல்பவர்கள் உண்டு.

அடுத்து உங்கள் பக்கம். வாரியத்தின் தர விதிப்படி, பழுத்த குலை என்றால் பத்துப் பழமாவது உதிர்ந்த பள்ளம் அதில் தெரிய வேண்டும். ஒன்று முதல் ஒன்பது வரை இருந்தால் அரைப்பழம். ஒன்றுகூட உதிராதது காய். தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் உதிர்ந்துவிட்டால் அது வெறும் கூடு. காம்பு 5 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. காம்பில் எண்ணெய் இல்லை, ஆனால் எடை உண்டு, வழியில் எண்ணெயையும் உறிஞ்சும். நிறத்தை நம்பி வெட்டுபவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். மரத்தடியில் புதிதாய் விழுந்த உதிரியைத் தேடிப் பார்த்துவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும்.

காய் எப்படி வருகிறது? சுற்று தள்ளிப்போவதால்தான். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெட்ட வேண்டியதை மாதம் ஒரு முறை வெட்டினால், அன்றைக்குப் பழுக்காததையும் ‘அடுத்த மாதம் வரை தாங்காது’ என்று இழுத்துப் போடுவார்கள். வெட்டுபவருக்கு டன் கணக்கில் கூலி என்பதால் காய் அவருக்கு லாபம், உங்களுக்கு நட்டம். மூன்று ஏக்கர் என்பது சுமார் 1.2 எக்டர். 9.2 மீட்டர் முக்கோண இடைவெளியில் எக்டருக்கு 136 மரம், ஆக உங்களிடம் 160க்கு மேல் இருக்கும். ஆண்டுக்கு எக்டருக்கு 20 டன் எடுத்தால் மாதம் இரண்டு சுற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டன் வரும். ஒரு டன்னுக்காகத் தனியாக லோரி வராது. பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலைந்து பேரோடு ஒரே நாளில் வெட்ட ஏற்பாடு செய்துகொள்வதுதான் வழி.

உதிரியை விட்டுவிடாதீர்கள். ஒரு கிலோ உதிரியில் ஒரு கிலோ குலையைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு எண்ணெய் இருக்கும், ஏனென்றால் அதில் தண்டும் முள்ளும் இல்லை. ஆனால் மண்ணோடும் கல்லோடும் வாரிப் போட்டால் அதற்கும் கழிப்பார்கள். மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்தில் புல்லைச் சுத்தமாக வைத்தால் பொறுக்குவது பாதி நேரத்தில் முடியும்.

வெட்டியதை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர்த்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பழம் நசுங்கியதும் அதில் இருக்கும் ஒரு நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக மாற்றத் தொடங்கும். சுத்திகரிக்காத எண்ணெயில் அந்த அமிலம் 5 விழுக்காட்டுக்கு மேல் போனால் ஆலைக்கு விலை குறையும். ஆலையில் முதல் வேலையாகக் குலையைச் சுமார் 3 பார் அழுத்தத்தில், 130 பாகைக்கு மேல் ஆவியில் வேகவைப்பதே அந்த நொதியைக் கொல்லவும் பழத்தைக் காம்பிலிருந்து தளர்த்தவும்தான். குலையை லோரியிலிருந்து தூக்கி எறிவது, இரண்டு நாள் சாலையோரம் குவித்து வைப்பது எல்லாம் அந்த நொதிக்கு உதவி செய்வது.

கேள்வி: மரத்தடியில் தானாக முளைத்த செம்பனைக் கன்றை எடுத்து நடலாமா? நாற்றுப் பண்ணையில் விலை அதிகமாக இருக்கிறது.
– வாசகி, ஜெராம்

பதில்: கூடாது, அம்மா. இப்போது நடுவது டூரா, பிசிஃபெரா என்ற இரண்டு செம்பனை வகைகளைக் கலந்த தெனேரா இனம். ஒரு பழத்தை நடுவில் வெட்டிப் பாருங்கள். ஓடு மெல்லியதாக இருக்கும், அதைச் சுற்றிக் கருநாராக ஒரு வளையம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அதுதான் தெனேரா. டூராவில் ஓடு தடிமன், வளையம் இருக்காது. தெனேராவின் விதை தெனேராவாகவே பிறக்காது. கீழே முளைத்ததில் காற்பங்கு தடித்த ஓட்டு டூரா, பாதிதான் தெனேரா, மீதிக் காற்பங்கு ஓடில்லாத பிசிஃபெரா. இந்தக் கடைசி வகை பெரும்பாலும் குலை கட்டாது. மூன்று ஆண்டு உரம் போட்ட பிறகுதான் அது தெரியவரும், மரமோ 25 ஆண்டு நிற்கும். பன்னிரண்டு மாதக் கன்றாக, உரிமம் பெற்ற பண்ணையில், ரசீதுடன் வாங்குங்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் இரண்டு ஏக்கர். மழையில் தேங்குகிறதென்று போன ஆண்டு எக்ஸ்கவேட்டர் வைத்து வாய்க்காலை ஆறடி ஆழமாக்கினோம். இப்போது மட்டை மஞ்சளாகிறது, வாய்க்கால் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் இருக்கிறது, மீனும் இல்லை. உரம் போட்டும் பலனில்லை. ஏன்?
– குடும்பத் தலைவி, தஞ்சோங் காராங்

பதில்: உரத்தை நிறுத்திவிட்டு முதலில் வாய்க்காலைப் பாருங்கள், அக்கா. வெட்டிக் கரையில் போட்ட மண்ணில் வெளிர்மஞ்சள் தீற்றல் இருக்கிறதா? புதிதாய் வெட்டியபோது அழுகிய முட்டை நாற்றம் வந்ததா? அப்படியென்றால் அது புளிப்பு மண். கடல் களிமண்ணுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம் இருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை அது எதுவும் செய்யாது. ஆழமாக வெட்டி நீர்மட்டத்தை இறக்கியதும் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிறது. பிஎச் நான்குக்குக் கீழே இறங்கும். அந்தப் புளிப்பில் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். வேர் கருகிய மரத்துக்கு எவ்வளவு உரம் போட்டாலும் மழையில் கரைந்து போவதுதான் மிச்சம். துரு நிறம் இரும்பால் வருவது.

இதற்கு மருந்து, இறக்கிய தண்ணீரைத் திரும்ப ஏற்றுவதுதான். வாய்க்காலின் வாயில் பலகையை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகக்கூடிய சிறு மதகு போடுங்கள். பலகை இல்லாவிட்டால் மண் மூட்டை அடுக்கினாலும் ஆகும். நிலத்தடி நீர் தரையிலிருந்து 50, 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும். பார்ப்பதற்கு, ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒன்றை மரத்துக்கு நடுவே ஒரு மீட்டர் புதைத்துவிட்டு, குச்சி விட்டு அளந்தால் போதும். வாய்க்கால் மட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், களிமண்ணுக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும்.

பெருமழை மாதங்களில் பலகையைத் தூக்கி, சேர்ந்த புளிப்புத் தண்ணீரை வெளியே ஓடவிட்டு, மறுபடி நல்ல மழைநீரைப் பிடித்து வையுங்கள். ஒரே தடவையில் தீராது, இரண்டு மூன்று மழைக்காலம் பிடிக்கும். சுண்ணாம்பு மேல்மண்ணைக் கொஞ்சம் சரிப்படுத்தும். ஆழத்தில் இருக்கும் அமிலத்துக்குச் சுண்ணாம்பு போட்டு மாளாது. கரையில் குவித்த மஞ்சள் மண்ணைத் தயவுசெய்து மரத்தடியில் பரப்பாதீர்கள். ‘நல்ல வண்டல்’ என்று சொல்லிப் பரப்பிவிட்டுப் போகும் எக்ஸ்கவேட்டர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

காம்புட் நிலத்தில் இதே தவறு வேறுவிதமாகக் கடிக்கும். தண்ணீரை இறக்கினால் மண்ணே உள்வாங்கும், முதல் சில ஆண்டுகளில் வேகமாகவும் பிறகு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராகவும். அந்த வட்டாரத்தில் செம்பனை சாய்ந்து, தலை மட்டும் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் காற்றல்ல, வேர் வெளியே வந்ததுதான்.

கேள்வி: பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி இத்தனை குளம் எப்படி வந்தது?
– வாசகர், கிள்ளான்

பதில்: ஈயம் (டின்) தோண்டிய குழிகள். ஊர் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரில் இருந்த காலத்தில் (2007இல்தான் பெயர் மாறியது) மிதக்கும் ஈயக் கப்பல்கள் ஆற்றுச் சமவெளியைக் கிண்டி, ஈயத் தாதைப் பிரித்துவிட்டு மணலை வெளியே தள்ளின. 1985 அக்டோபரில், விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கைவிரித்ததும் விலை இடிந்து தொழில் படுத்தது. மிஞ்சிய மணலில் சத்தும் நிற்காது, ஈரமும் நிற்காது, அதனால் அங்கே விவசாயம் தடுமாறுகிறது. குளங்களுக்கு மட்டும் புது வேலை கிடைத்தது. வறட்சியில் சிலாங்கூர் ஆறு இறங்கும்போது இவற்றின் தண்ணீரை ஆற்றுக்கு இறைத்துக் கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். குளங்களில் நீந்த இறங்காதீர்கள். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் நேராகப் பள்ளம்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா 1912இல் ‘ஒப்பந்தக் கூலியாக’ ராஜுலா கப்பலில் வந்தார் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. இதில் எவ்வளவு சரி?
– இளைஞர், ரவாங்

பதில்: ஆண்டு சரியென்றால் மற்ற இரண்டும் சரியாக வராது, தம்பி. ராஜுலா ஓடத் தொடங்கியது 1926இல். எந்தக் கப்பலில் வந்தவரையும் பின்னாளில் ‘ராஜுலாவில் வந்தவர்’ என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது 1910இலேயே நிறுத்தப்பட்டது. 1912இல் வந்தவர் பெரும்பாலும் கங்காணி அழைத்து வந்தவராக இருப்பார். தோட்டத்திலிருந்து உரிமத்தோடு தன் ஊருக்கே போய், தன் சொந்தபந்தங்களையும் பக்கத்துத் தெருக்காரர்களையும் கூட்டி வருபவர்தான் கங்காணி. வேலைக்கு நின்ற தலை ஒன்றுக்கு நாள்தோறும் அவருக்குத் ‘தலைக்காசு’ உண்டு. 1907 முதல் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டதால், வந்தவர் சட்டப்படி கடனாளியல்ல, ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். சட்டப்படி என்றுதான் சொல்கிறோம். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கடை, பள்ளி எல்லாம் தோட்டத்துக்குள் இருக்கும்போது எங்கே விலகுவது? உதவியோடு தொழிலாளர் வருவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது.

கேள்வி: ஓய்வுப் பணத்தில் ஈஜோக் பக்கம் தோட்ட நிலம் வாங்க நினைக்கிறோம். ‘கால் ஏக்கர் லோட்’ மலிவாக வருகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
– தம்பதியர், ஷா ஆலம்

பதில்: கால் ஏக்கர் என்ற சொல்லைக் கேட்டதும் நில்லுங்கள். தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை ஓர் ஏக்கருக்கு, அதாவது ஐந்தில் இரண்டு எக்டருக்கு, குறைவாகப் பிரித்துத் தனிப் பட்டா வாங்க முடியாது. உங்களுக்குக் கிடைப்பது இருபது முப்பது பேர் பெயர் ஏறிய ஒரே கிராண்டில் (நிலப் பட்டாவில்) ஒரு பங்கு, அல்லது வக்கீல் எழுதிய வெறும் ஒப்பந்தம். வேலி போட்டுக் காட்டுகிற இடம் சட்டத்தின் கண்ணில் உங்களுடையதல்ல. ‘லோட் லிடி’ என்று சொல்வது இதைத்தான்.

முழு நிலமாக வாங்கினால், முன்பணம் கொடுக்கும் முன்பே நில அலுவலகத்தில் கிராண்ட் எண்ணைக் கொடுத்துத் தேடல் எடுங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலமா, ‘செக்காத்தான்’ (கட்டுப்பாடு) பகுதியில் மாநில அரசின் அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்று இருக்கிறதா, காவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) விழுந்திருக்கிறதா, ‘ஷாராட் ஞாத்தா’வில் (நிலப் பயன்பாட்டு நிபந்தனையில்) எந்தப் பயிருக்கான நிலம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மாநில அனுமதி வேண்டியதென்றால் மாதக்கணக்கில் இழுக்கும், வாங்கும் ஒப்பந்தத்தில் அந்தக் காலத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். நில வரி மே 31க்குள் கட்டியிருக்க வேண்டும், ரசீது கேளுங்கள். மரம் நிற்கும் நிலமென்றால் செம்பனை வாரிய உரிமத்தை உங்கள் பெயருக்கு எடுக்காமல் ஒரு குலைகூட விற்க முடியாது. கடைசியாக, ஒரு பெருமழைக்கு மறுநாள் போய் நிலத்தைப் பாருங்கள். தரகர் வெயில் நாளில்தான் அழைத்துப் போவார்.

கேள்வி: அந்தக் காலத்தில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றது பற்றி அப்பா சொல்வார். இப்போது அதைத் தடுக்கச் சட்டம் உண்டா?
– ஆசிரியை, கோலசிலாங்கூர்

பதில்: உண்டு. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை வணிகர்கள் வாங்கித் துண்டு துண்டாக விற்றபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையோடு லயத்தையும் இழந்தார்கள். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டம் வாங்கியது அதற்குப் பதிலாகத்தான். பின்னர் நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்தது. 40 எக்டரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தைப் பிரித்து விற்கவோ கைமாற்றவோ தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆனால் இந்தப் பிரிவு நிலத்தைக் காப்பது, குடியிருப்பை அல்ல. தோட்டம் முழுதாகவே வீடமைப்புக்கு மாறும்போது தொழிலாளர் வீட்டுக்கு என்ன ஏற்பாடு என்பது பேச்சுவார்த்தையில்தான் முடிகிறது. அந்தப் பேச்சு விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே நடக்க வேண்டும். பிறகு பேசினால் பழைய முதலாளி கையை விரிப்பார், புது முதலாளி ‘எங்களுக்குத் தெரியாது’ என்பார்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பால்மரம் நிற்கிறது. காலை எட்டு மணிக்குமேல் வெட்டினால் பால் குறைகிறதே?
– வாசகர், உலு சிலாங்கூர்

பதில்: பொழுது ஏறினால் இலை தண்ணீரை இழுக்கும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். விடிவதற்கு முன் வெட்டுவது அதனால்தான். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும்படி 30 பாகைச் சரிவு, மரத்தின் பாதிச் சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் சீவாதீர்கள், உள்ளே ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது மிச்சமிருக்க வேண்டும். கத்தி கட்டையைத் தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். இலை உதிர்ந்து தளிர் விடும் பிப்ரவரி, மார்ச்சில் கத்தியைத் தூக்கி வைத்துவிடுங்கள். பட்டை நனைந்திருக்கும்போதும் வெட்டக்கூடாது. பால் மங்குக்குப் போகாமல் பட்டையில் வழிவதோடு, வெட்டுவாயில் கறுப்பு அழுகல் நுழையும்.